யாரும் கேட்காத கேள்வி

அத்தியாயம் 9

ஹார்லோ ஊரில் உறவுக்காரர்கள் யாரும் முன்வாசல் மணியை அடிப்பதில்லை. பின்வாசல் வழியாக நேரே சமையலறைக்குள் நுழைவார்கள். பெவர்லி மட்டும் தங்கை வீட்டுக்கு வந்தால் முன்வாசலில் நின்று மணி அடிப்பாள், யாரோ விருந்தாளி மாதிரி.

வியாழக்கிழமை காலையில் அவள் பின்வாசல் வழியாக வந்தாள். அப்போதே ஆர்லீனுக்குப் புரிந்துவிட்டது, அக்கா ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று.

"காபி இருக்கா ஆர்லீன்?"

"இருக்கு. நீ காபிக்கு வரல. உக்காரு."

சனிக்கிழமை ஏரிக்கரையில் நடந்ததை ஊரே மென்று துப்பிக்கொண்டிருந்தது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் அங்கே நெருப்பு மூட்டி பீர் குடித்தார்கள். பட்டாணியை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்க்கும் ஸ்டான் பெட்ரிக்கின் மகள் ஷெரில், பீரோடு நிற்காமல் யாரோ நீட்டிய பிராந்தியையும் குடித்துவிட்டு நினைவு தப்பி விழுந்தாள். அவள் விழுந்ததைப் பார்த்ததும் மற்றவர்கள் சிதறி ஓடினார்கள்.

ஓடாமல் நின்றது ஆர்லீனின் மகள் கிரெச்சன் மட்டும்தான். ஷெரிலை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் கோட்டைப் போர்த்திவிட்டு, உழுது போட்ட வயலைக் கடந்து கெஸ்லர் பண்ணைக்கு ஓடினாள். கதவை இடித்து எழுப்பி, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். ஆம்புலன்ஸோடு வட்டாரப் போலீஸ் அதிகாரியான ஷெரிப்பின் ஆளும் வந்தான். வந்தவன் அங்கே இருந்தவர்கள் பெயரைக் குறித்துக்கொண்டான்.

அங்கே இருந்தது கிரெச்சன் ஒருத்திதானே. ஆகவே குற்றவாளியும் அவள் ஒருத்திதான்.

ஓடியவர்களில் ஐந்து பேர், கிரெச்சனைப் போலவே, பள்ளியின் ஹானர் சொசைட்டி உறுப்பினர்கள். படிப்பு, தலைமை, சேவை, குணம் என்ற நான்கும் உள்ள மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் சங்கம் அது. அந்த ஐந்து பேரில் ஒருவன் சங்கத்தின் தலைவன். பெயர் டெரிக். பெவர்லியின் ஒரே மகன்.

பெவர்லி அந்தப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. சங்கத்துக்குப் பொறுப்பாசிரியையும் அவள்தான்.

"மத்தியானம் சங்கத்தோட ஆசிரியர் கவுன்சில் கூடுது. எனக்கு ஓட்டு கெடையாது, தெரியுமில்ல? பொறுப்பாசிரியை ஓட்டுப் போடக் கூடாதுங்கறது விதி."

"விதியெல்லாம் உனக்கு எப்பவும் தோதாத்தான் இருக்கும் பெவ்."

பெவர்லி அதைக் கேட்காதது போலக் கோப்பையைச் சுழற்றினாள். "கிரெச்சன் தானா விலகிட்டான்னா விசாரணையே வேண்டாம். சொந்தக் காரணம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவ சேரப்போற நர்ஸிங் காலேஜ்ல யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. குடும்பத்துக்கும் கௌரவம்."

"எந்தக் குடும்பத்துக்கு?"

பதில் வருவதற்குள் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கிரெச்சன் ஈரத் தலையோடு வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நான் விலகினா டெரிக்கும் விலகுவானா பெரியம்மா?"

"டெரிக் மேல புகார் எதுவும் இல்லியே கண்ணு."

"புகார் இல்லியா, அவன் குடிக்கலியா? ரெண்டுல எது?"

"நீ கோவமா இருக்க. அது நியாயம்தான்."

"நான் விசாரணைக்கு வர்றேன்," என்றாள் கிரெச்சன். ரொட்டி ஒன்றை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு, புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பெவர்லி எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். "சாயங்காலம் புது உறுப்பினர் விழா. நீ கேக் பண்றதா ஒத்துக்கிட்டிருந்த. அது... மாறலியே?"

ஆர்லீனுக்குச் சிரிப்பு வந்தது. நெடுஞ்சாலையோர சப்பர் கிளப் என்ற இரவுச் சாப்பாட்டுக் கடையில் மது ஊற்றிக் கொடுப்பவள் அவள். வெட்கம் கெட்டவர்களைப் பார்ப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அவர்கள் குறைந்தபட்சம் குடித்திருப்பார்கள்.

"என் பொண்ணத் தூக்கி வெளிய போடுவீங்க, என் கேக்க வெட்டித் தின்பீங்க. அப்படித்தான?"

"எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு ஆர்லீன். இந்த நேரத்துல நான் யார்கிட்ட போய் நிக்கறது?"

"கேக் வரும். கேக்கோட நாங்களும் வருவோம்."

*

விசாரணை நூலகத்தில் நடந்தது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆசிரியர்கள். நடுவில் வரலாற்று ஆசிரியர் தோர்ப். ஓரத்தில் தனி நாற்காலியில், நடந்ததைக் குறித்துக்கொள்ள பெவர்லி.

கிரெச்சனுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி.

விசாரணையைப் பற்றி அவளுக்குப் பயம் இல்லை. ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் பயம். "வேற யாரு இருந்தாங்க?" என்று கேட்பார்கள். என்ன சொல்வது? டெரிக்கும் அவளும் ஒரே தொட்டியில் குளித்து வளர்ந்தவர்கள். ஏரி உறையும் குளிர்காலங்களில் பனிக்கட்டியில் துளை போட்டு ஒன்றாக மீன் பிடித்தவர்கள். பெயரைச் சொன்னால் காட்டிக்கொடுத்தவள். சொல்லாவிட்டால் பொய்க்காரி. சனிக்கிழமையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. காலையில் கவ்விக்கொண்டு வந்த ரொட்டியைக்கூட பள்ளிக்கூடக் குப்பைத்தொட்டியில்தான் போட்டாள்.

தோர்ப் தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு ராத்திரி நீ குடிச்சியா?"

"ஒரு பீர்."

"மது இருக்கற எடத்துல நம்ம உறுப்பினர் என்ன செய்யணும்?"

"உடனே அந்த எடத்த விட்டுக் கிளம்பணும். சேரும்போதே சொன்னீங்க."

"நீ ஏன் கிளம்பல?"

"கிளம்பியிருந்தா ஷெரில் செத்திருப்பா."

மனையியல் ஆசிரியை மிஸ் ரூட் நாக்கைத் தட்டி உச்சுக்கொட்டினாள். "அது உன் நல்ல மனசும்மா. அத யாரும் இல்லேங்கல. ஆனா அது வேற விஷயம்."

"வேற விஷயமா?"

"இங்க நாம பேசறது தரத்தப் பத்தி," என்றாள் மிஸ் ரூட். கழுவி வைத்த பாத்திரத்தைப் பற்றிப் பேசுவது போல அவ்வளவு சுத்தமாக இருந்தது அவள் குரல்.

தோர்ப் மேலும் சில கேள்விகள் கேட்டார். பீர் என்ன பீர்? டப்பாவா பாட்டிலா? அம்மாவுக்குத் தெரியுமா? சங்கத்தின் பெயருக்கு என்ன ஆகும் என்று யோசித்தாயா? கிரெச்சன் பதில் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும், இதோ அடுத்தது அந்தக் கேள்விதான் என்று காத்திருந்தாள்.

அது வரவேயில்லை.

"வேற ஏதாவது சொல்ல விரும்பறியா?" என்றார் தோர்ப், எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி.

கிரெச்சனுக்கே பொறுக்கவில்லை. "அங்க நான் மட்டும் இல்ல."

சாலையில் வண்டியை நிறுத்துகிறவர் போல தோர்ப் உள்ளங்கையை உயர்த்தினார்.

"கிரெச்சன், இது உன்னப் பத்தின விசாரணை. மத்தவங்க பேர இங்க இழுக்க வேண்டாம். அது நாகரிகமில்ல."

பேண்டு வாத்திய ஆசிரியர் கேஸ் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். அவருடைய குழுவில் முதல் டிரம்பெட் வாசிக்கிற பையன், அன்று ராத்திரி ஷெரிலைத் தாண்டிக் குதித்துத்தான் ஓடினான். இன்னொரு ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார். பெவர்லி குறிப்பு எழுதுவதை நிறுத்தியிருந்தாள்.

இவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

இத்தனை நாள் அவள் தூக்கத்தைக் கெடுத்த அந்தக் கேள்வியைக் கேட்க இவர்கள் நினைக்கவே இல்லை. அவள் சொல்லிவிடுவாளோ என்று இவர்கள்தான் பயந்து உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் கண்ணில் நல்லவளாகப்பட வேண்டும் என்று மூன்று வருஷம் நூலகத்தில் புத்தகம் அடுக்கினாள், முதியோர் இல்லத்தில் தட்டுக் கழுவினாள். அதை நினைத்தபோது கிரெச்சனுக்கு அழுகை வரவில்லை. நாக்கில் கெட்டுப்போன பால் பட்டது போல இருந்தது.

"நான் ஒண்ணு கேக்கலாமா? ஷெரில் இப்ப எப்படி இருக்கான்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஷெரில் நம்ம உறுப்பினர் இல்லியே," என்றார் தோர்ப்.

அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்று சுவரில் சாய்வதற்குள் திரும்பக் கூப்பிட்டார்கள். சங்கத்தின் தரத்தைக் காக்க வேண்டிய கடமை காரணமாக, மிகுந்த வருத்தத்தோடு, உறுப்பினர் பொறுப்பிலிருந்து நீக்கம். தோர்ப் சொல்லி முடித்ததும் பெவர்லி எழுந்து வந்து கையை நீட்டினாள். கிரெச்சன் சட்டைக் காலரிலிருந்து சங்கத்தின் சின்னம் பொறித்த பின்னைக் கழற்றினாள்.

"இது இல்லாம உங்களுக்குத் தூக்கம் வராதுல்ல, மிஸஸ் லிண்டால்?"

பள்ளிக்குள் பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிட வேண்டும். இந்த முறை அது உண்மையிலேயே யாரோ ஓர் அந்நியப் பெண்ணின் பெயர் போல ஒலித்தது.

*

கடைசி மணி அடித்ததும் டெரிக் அவளுடைய லாக்கர் அருகே வந்து நின்றான். உயரமான பையன். விழாவுக்காக முடியைப் படிய வாரியிருந்தான்.

"கிரெச்... நான் சொல்லியிருப்பேன். அம்மாதான்..."

"உனக்குப் பதினெட்டு வயசு டெரிக். அம்மான்னு ஆரம்பிக்காத."

அவன் லாக்கர் கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அவ எப்படி இருக்கா?"

"வீட்டுக்கு வந்துட்டா. எழுந்து நின்னா தல சுத்துதாம்."

இவனாவது கேட்டானே என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக அடுத்த கணமே தன் மேலேயே எரிச்சல் வந்தது. இவ்வளவு மலிவாகவா போய்விட்டது மரியாதை?

அவன் நகரவில்லை. இன்னும் ஏதோ இருந்தது.

"சாயங்காலம் குணத்துக்கான மெழுகுவத்திய நீதான் ஏத்தறதா இருந்துச்சு. இப்ப அதையும் என்னயே வாசிக்கச் சொல்லிட்டாங்க. அந்த வரி எழுதின தாள்... உன்கிட்ட இருக்கா?"

கிரெச்சன் அவனையே பார்த்தாள். அவன் கேலி செய்யவில்லை. உண்மையாகவே தாள்தான் கேட்டான்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "நல்லா சத்தமா வாசி. பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்கும் கேக்கணும்."

*

சாயங்காலம் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேடை. மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை, நான்கு பெரிய மெழுகுவர்த்திகள்.

ஆர்லீன் கேக்கைக் கொண்டுபோய்ப் பலகார மேசையில் வைத்தாள். மிஸ் ரூட் "எவ்வளவு அழகா பண்ணியிருக்க!" என்றாள், கேக்கிடம். ஆர்லீனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அன்று சட்டைப் பொத்தானிலும் கைப்பையிலும் ஏதோ அவசர வேலை இருந்தது. அம்மாவும் மகளும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வரிசையில் வேறு யாரும் உட்காரவில்லை.

"போயிடலாமாம்மா?"

"எதுக்கு? நாம யாரையும் விட்டுட்டு ஓடல. நிமிந்து உக்காரு."

உறுப்பினர்கள் மேடை ஏறினார்கள். ஒவ்வொருவர் கையிலும் சின்ன மெழுகுவர்த்தி. படிப்புக்கு ஒரு பெண் மெழுகுவர்த்தி ஏற்றினாள். தலைமைக்கு டிரம்பெட் பையன். சேவைக்கு மருந்துக்கடைக்காரரின் மகள். கடைசி இருவரும் அன்று ராத்திரி ஓடியவர்கள். பிறகு டெரிக் முன்னால் வந்தான்.

அவன் திணறுவான் என்று கிரெச்சன் எதிர்பார்த்தாள். ஒரு வார்த்தையாவது தொண்டையில் மாட்டும் என்று.

மாட்டவில்லை. "தனக்கு நஷ்டம் வந்தாலும் சரியானதைச் செய்கிறவரே குணமுள்ளவர். அப்படிப்பட்டவர்களின் பெயரால் இந்த ஒளியை ஏற்றுகிறேன்." தெளிவான குரல். நல்ல உச்சரிப்பு. அம்மா ஆங்கில ஆசிரியை அல்லவா.

கைதட்டல் கூரையை இடித்தது. அழகாகப் பொய் சொல்ல ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், இந்த ஊரில் அதற்குப் பெயர் வளர்ப்பு.

கைதட்டல் அடங்கும்போது, பக்கக் கதவருகே ஒருவர் நிற்பது தெரிந்தது. ஆலையில் போடும் கனத்த சட்டை, கையில் தொப்பி. ஷெரிலின் அப்பா ஸ்டான் பெட்ரிக். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார்.

"நான் ரெண்டு வார்த்த பேசலாமா?"

தோர்ப்பின் முகம் மலர்ந்தது. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். "தாராளமா மிஸ்டர் பெட்ரிக், வாங்க, மைக் பக்கம் வாங்க."

ஸ்டான் மைக் பக்கம் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"என் பொண்ணு உயிரோட இருக்கா. இன்னும் கொஞ்ச நேரம் தாமதிச்சிருந்தா இருந்திருக்க மாட்டான்னு டாக்டர் சொன்னாரு. காப்பாத்தின பொண்ணு உங்க சங்கம்னு சொன்னாங்க. நன்றி சொல்லலாம்னு வந்தேன். மேடையில தேடறேன், காணோம். எங்க அந்தப் பொண்ணு?"

கடைசி வரிசையில் ஆர்லீன் மகளின் முதுகில் கை வைத்தாள். கிரெச்சன் எழுந்து நின்றாள்.

"நீ ஏம்மா அங்க இருக்க?"

"எடுத்துட்டாங்க சார். தரம் போதலயாம்."

ஸ்டான் மேடையைப் பார்த்தார், கவுன்சில் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்த முன்வரிசையைப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது.

"சரி. அப்ப இன்னொண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அன்னிக்கு அங்க வேற யாரெல்லாம் இருந்தாங்க?"

"மிஸ்டர் பெட்ரிக், இது அதுக்கான எடமில்ல," என்றார் தோர்ப்.

"எதுதான் எடம்? பள்ளிக்கூட ஆபீஸ்ல கேட்டா, அது வெளிய நடந்த விஷயம்ங்கறாங்க. ஷெரிப் ஆபீஸ்ல கேட்டா, ஒரு பொண்ணுதான் இருந்துச்சுங்கறாங்க. அந்த ஒரு பொண்ணும் என் பொண்ணுமா அத்தன பீரையும் குடிச்சாங்க? கரையில கெடக்கற டப்பாவ நான் போய்ப் பாத்தேன்யா." அவர் கிரெச்சன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. எனக்குத் தெரிஞ்சாகணும்."

மத்தியானம் யாரும் கேட்காத கேள்வி. கேட்க உரிமை உள்ள ஒரே மனிதர் கேட்டுவிட்டார்.

"கிரெச்சன்!" என்றாள் முன்வரிசையிலிருந்து பெவர்லி. வகுப்பில் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையை அதட்டும் குரல்.

கிரெச்சன் மேடையைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டைகள், படிய வாரிய தலைகள், உருகி விரலில் வழியும் மெழுகு. "நீங்களே சொல்றீங்களா?" என்று அவர்களைப் பார்த்துக் கேட்டாள். காத்திருந்தாள். மருந்துக்கடைக்காரரின் மகள் அழ ஆரம்பித்தாள். மற்றவர்கள் மெழுகுவர்த்தியைப் பார்த்தார்கள்.

"டெரிக் இருந்தான்," என்றாள் கிரெச்சன். "என் பெரியம்மா பையன். மத்தவங்க பேரும் சொல்லுவேன். மொதல்ல எங்க வீட்டுலேருந்து ஆரம்பிக்கறேன்."

கூடம் முழுக்க நாற்காலிகள் கிறீச்சிட்டன.

"நான் உதவி கூப்பிடத்தான் ஓடினேன்!" என்று கத்தினான் டெரிக்.

"ஆமா!" என்றாள் பெவர்லி, எழுந்தே விட்டாள். "உதவி கூப்பிடத்தான் ஓடியிருக்கான். குழந்த வேற என்ன செய்வான்?"

ஸ்டான் இரண்டடி முன்னால் வந்தார். கோபமாகக் கேட்கவில்லை. நம்பத் தயாராக இருக்கிறவர் மாதிரிதான் கேட்டார். "அப்படியா தம்பி? யாரக் கூப்பிட்ட?"

டெரிக்கின் குரல் தாழ்ந்தது. "வீட்டுக்குப் போனேன்."

"வீட்டுல யாரு இருந்தா?"

"டெரிக், போதும். கீழ இறங்கு," என்றாள் பெவர்லி.

அவன் இறங்கவில்லை. அம்மாவைப் பார்த்தான். மெழுகு அவன் மணிக்கட்டில் வழிந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

"அம்மா இருந்தாங்க."

"அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"ஏரிக்கரையில ஒரு பொண்ணு மூச்சுப் பேச்சு இல்லாம கெடக்கா, எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"வாய மூடிக்கிட்டுப் போய்ப் படு, யாராவது பாத்துப்பாங்கன்னு சொன்னாங்க."

கேஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். தோர்ப் மைக்கை அணைத்தார், அதுதான் இப்போது செய்ய வேண்டிய காரியம் என்பது போல. ஆர்லீன் அக்காவையே பார்த்தாள். மறுநாள் ஊர்ப் பேச்சில்தான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது என்று இத்தனை நாளாக நம்பியிருந்தாள். அன்று ராத்திரியே தெரியும். தெரிந்தே விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள்.

ஸ்டான் பெவர்லியின் எதிரே வந்து நின்றார். அவள் அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுல போன் இருக்கா மேடம்?"

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, வந்த கதவு வழியாகவே போய்விட்டார்.

ஆர்லீன் எழுந்தாள். பலகார மேசைக்குப் போய்க் கேக்கைத் தட்டோடு தூக்கினாள்.

"எங்க எடுத்துட்டுப் போற?" என்றாள் மிஸ் ரூட், திகைத்துப்போய்.

"தரம் இருக்கற வீட்டுக்கு."

*

பெட்ரிக் வீட்டுச் சோபாவில் போர்வைக்குள் கிடந்த ஷெரில், கேக்கை விட்டுவிட்டு மேலே இருந்த க்ரீமை மட்டும் விரலால் வழித்துத் தின்றாள். அந்த ராத்திரி எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. "உன் கோட்டு எங்ககிட்டதான் இருக்கு. அம்மா தோச்சு வெச்சிருக்கா," என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தபோது கிரெச்சனுக்குச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்தது. மூன்று துண்டு சாப்பிட்டாள். மற்றவர்கள் யாரெல்லாம் என்று ஸ்டான் கேட்டார். சொன்னாள். அவர் தலையாட்டினார்.

அவர்கள் வீடு திரும்பியபோது மேற்கே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. சமையலறைச் சுவரில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக அடிக்கிறதோ.

ஆர்லீன் எடுத்தாள்.

"டெரிக் அங்க இருக்கானா?" பெவர்லியின் குரல் உடைந்திருந்தது. "பள்ளியிலேருந்து வண்டிய எடுத்துட்டுப் போனவன் இன்னும் வீட்டுக்கு வரல. யார் வீட்டுலயும் இல்ல. ஆர்லீன், எனக்குப் பயமா இருக்கு."

"இங்க இல்ல."

"நீ கொஞ்சம்..."

"என்னை ஏன் கேக்கற பெவ்? உங்க கவுன்சில்ல அஞ்சு பேர் இருக்காங்க. அவங்களக் கூட்டிக் கேளு."

போனை வைத்துவிட்டாள். வைத்த பிறகும் கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

திரும்பிப் பார்த்தபோது, கிரெச்சன் படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"ஏரிக்கு. அவனுக்குப் போக வேற எடம் கெடையாது."

"தண்ணி இன்னும் ஐஸாட்டம் இருக்குடி."

"தெரியும்மா. அதான் போறேன்."

ஆர்லீன் மகளையே பார்த்தாள். அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஒண்ணு சொல்லு. நீ அந்தக் கரையில கெடந்திருந்தா அவன் உனக்காக வந்திருப்பானா?"

"மாட்டான்," என்றாள் கிரெச்சன். இன்னொரு நாடாவையும் இழுத்துக் கட்டிவிட்டு எழுந்தாள்.

"வண்டிச் சாவி எங்கம்மா?"